1969 எம்ஜிபி: அரை மணி ஓடினதும் பெட்ரோல் வராம நிக்குது, பம்ப்பா கார்ப்பா?

ரெடிங்_ரோட்ஸ்டர்

வணக்கம் மக்களே, என்கிட்ட இருக்கிறது 1969 எம்ஜிபி ரோட்ஸ்டர்ங்கற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1798 சிசி, ட்வின் எஸ்யூ ஹெச்எஸ்4 கார்ப் (கார்புரேட்டர்), பின்னாடி அடியில அதே பழைய டைப் எஸ்யூ எலக்ட்ரிக் பம்ப். குளிர்காலம் பூரா கராஜ்ல கவர் போட்டு நின்னுச்சு, இப்ப வெளிய எடுத்தா டவுனுக்குள்ள ஒரு பிரச்சனையும் இல்ல, ஆனா எம்40 மோட்டார்வேல ஏறி 60, 65 மைல் ஸ்பீடுல அரை மணி நேரம் போனா மெதுவா இழுவை குறைஞ்சு, ஆக்சிலரேட்டர மிதிச்சா இன்னும் திணறி, ஜெர்க் அடிச்சு ஆஃப் ஆயிடுது. ஓரம் கட்டி கொஞ்ச நேரம் விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகி திரும்பவும் கொஞ்ச தூரம் ஓடும். பிளக், பாயின்ட், கண்டென்சர் எல்லாம் புதுசு. கிளப்ல ஒருத்தர் வேப்பர் லாக், அதாவது சூட்டுல பெட்ரோல் குழாய்லயே ஆவியாகி வழிய அடைக்குதுன்னு சொல்றார், இன்னொருத்தர் பம்ப்ப தூக்கி போடுங்கறார். எதையும் வாங்கறதுக்கு முன்னாடி எங்கேர்ந்து பாக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டர்போ_தம்பி

ப்ரோ அந்த எஸ்யூ பம்ப்லாம் தாத்தா காலத்து ஐட்டம், கழட்டி போட்டுட்டு ஒரு மாடர்ன் எலக்ட்ரானிக் பம்ப் மாட்டிடுங்க, ஒரு மணி நேர வேலை, பிரச்சனை ஓவர்.

கோவை_கார்ப்காரன்

ஏனுங்க தம்பி, பம்ப் போச்சுன்னு தெரியாமயே மாத்தச் சொல்றீங்களே. எஸ்யூ கார்புக்கு 3 பிஎஸ்ஐ பிரஷர் பக்கம் போதும், அதுக்கு மேல தள்ற பம்ப்ப மாட்டினா, பெட்ரோல் மட்டம் ஏறினதும் வழிய மூடற ஃப்ளோட் ஊசி தாங்காம ஓவர்ஃப்ளோ குழாய் வழியா பெட்ரோல் சொட்டும். இந்த எஞ்சின்ல இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், சொட்டற இடத்துக்கு கீழயே சூடான மேனிஃபோல்ட் இருக்குது, மறந்துடாதீங்க.

ரெடிங் நண்பருக்கு: முதல்ல இது பெட்ரோல் கோளாறுதானான்னு உறுதி பண்ணுங்க. பாதி கார்ப் கம்ப்ளெயின்ட் கடைசில இக்னிஷன்ல, அதாவது தீப்பொறி குடுக்கற பக்கத்துலதான் போய் முடியும், அதுவும் இப்ப வர்ற புது கண்டென்சர நம்பவே முடியறதில்லைங்க, புதுசுங்கறதால நல்லதுன்னு அர்த்தம் இல்ல. வண்டி திணறும்போது கிளட்ச்ச மிதிக்காம கியர்லயே விட்டுட்டு ஆர்பிஎம் முள்ள பாருங்க. உங்க வருஷத்து வண்டில அந்த மீட்டர் இக்னிஷன் கரண்ட்ட பாத்துதான் ஓடுது. முள்ளு பொத்துனு ஜீரோவுக்கு விழுந்தா பாயின்ட், கண்டென்சர், வயர் பக்கம் போங்க. வண்டி வேகத்தோட சேர்ந்து மெதுவா இறங்கினா அனேகமா பெட்ரோல்தான். காயிலுக்கு அப்புறம் இருக்கற ஹை டென்ஷன் பக்க கோளாறு மட்டும் இதுல மாட்டாது.

அடுத்து, நின்ன உடனே டேங்க் மூடிய திறங்க. உஸ்ஸுனு காத்து உள்ள இழுத்துச்சுன்னா மூடில மூச்சு ஓட்டை அடைச்சிருக்கு, இல்லாட்டி யாரோ ஓட்டையே இல்லாத மூடிய மாட்டியிருக்காங்க. அமெரிக்காவுக்கு போன 1970க்கு அப்புறத்து வண்டிங்களுக்கு அப்படி மூடிதான், அதுக்கு காத்து வேற வழில வரும். உங்க வண்டில அத போட்டா டேங்க்ல வேக்யூம் கட்டிக்கும், அரை மணில நிக்கறதுக்கு பொருத்தமான வியாதி.

ஹாரோ_அண்ணை

மேல சொன்னது சரி. நான் ஒண்டு கேக்கிறன், பம்ப்பின்ர சத்தத்தை கேட்டனீங்களோ? இந்தப் பம்ப் தன்ர வருத்தத்தை தானே சொல்லும். சாவி போட்டவுடன டிக் டிக் எண்டு அடிச்சு, கார்பில பெட்ரோல் தங்கிற ஃப்ளோட் சேம்பர் ரெண்டும் நிரம்ப நிண்டிட வேணும். எஞ்சின் ஓடாமல் நிக்கேக்க இடைக்கிடை ஒரு டிக் வந்துகொண்டே இருந்தால் ஃப்ளோட் ஊசி மூடேல்லை, அல்லது பம்ப் வால்வு பின்பக்கமா விடுது. படபடவெண்டு வேகமா அடிச்சுக்கொண்டே இருந்தால் டேங்க் பக்க குழாயில எங்கையோ காத்து இழுக்குது. மெதுவா, இழுத்து இழுத்து அடிச்சால் உள்ள வாற வழி அடைபட்டிருக்கு.

ஏனெண்டால் கரண்ட் செய்யிற வேலை பம்புக்குள்ள இருக்கிற டயஃபிரம் எண்ட சவ்வை இழுத்து பெட்ரோலை உள்ள எடுக்கிறது மட்டும்தான், கார்புக்கு தள்ளுறது ஸ்பிரிங். அதால டேங்க் பக்கம் அடைச்சால் காயில் இழுக்கேலாமல் தவிக்கும், கார்ப் பக்கம் அடைச்சால் ஸ்பிரிங் தள்ளேலாமல் டிக் நிண்டுபோகும். ஒரு டிக்கும் வரேல்லை எண்டால் பம்ப் உடம்பில ஒரு சின்னத் தட்டுத் தட்டிப் பாருங்கோ, ஓடினால் பம்புக்குள்ள இருக்கிற பாயின்ட் கருகியிருக்கு.

பிறகு சாடி டெஸ்ட். வெளியில வச்சு, எஞ்சின் ஆறினாப் பிறகு, தீயணைப்பான் பக்கத்தில, சிகரெட் காரர் ஒருத்தரும் கிட்ட இல்லாமல். பம்பில இருந்து கார்புக்கு வாற ஹோஸைக் கழட்டி கண்ணாடிச் சாடியில விட்டு சாவியைப் போடுங்கோ. நிமிஷத்துக்கு குறைஞ்சது ஒரு பைண்ட், அதாவது 570 மில்லி அளவு வரவேணும், நல்ல பம்ப் எண்டால் இன்னும் கூட வரும். முக்கியமான விசயம், பத்து செக்கன்ல நிப்பாட்டிப் போடாதேங்கோ, முழுசா ஒரு நிமிஷம் விடுங்கோ.

ரெடிங்_ரோட்ஸ்டர்

அண்ணா ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேத்து வேணும்னே நிக்கிற வரைக்கும் ஓட்டினேன். முள்ளு பொத்துனு விழல, வண்டியோட சேர்ந்துதான் இறங்குச்சு. மூடி திறந்தப்ப உஸ் சத்தம் இல்ல. ஓரம் கட்டி எஞ்சின் நின்னதும் சாவிய மட்டும் போட்டு கேட்டா டிக்... டிக்... டிக்னு ரொம்ப சோம்பேறியா அடிக்குது, ஹாரோ அண்ணா சொன்ன மாதிரியே.

சாடி டெஸ்ட்ல முதல்ல நல்லா கொட்டுச்சு, அரை நிமிஷம் தாண்டினதும் நூல் மாதிரி ஆயிடுச்சு. சாடி அடில பழுப்பு கலர்ல பொடி. ஃப்ளோட் சேம்பர் மூடிய கழட்டி பாத்தா அங்கயும் அதே பொடி கொஞ்சம்.

கோவை_கார்ப்காரன்

பழுப்புன்னா துரு. கறுப்பா பிசுபிசுன்னு இருந்தா பெட்ரோல்ல கலக்கற எத்தனால் ரப்பர் ஹோஸ உள்ள தின்னிருக்கும்னு சொல்லியிருப்பேன். பம்ப் நல்லாதான் இருக்குது போல, அதுக்கு பெட்ரோல் கிடைக்கல. டேங்க் உள்ள எடுக்கற குழாய் முனைல ஒரு சல்லடை இருக்குமே, ஓட ஓட துரு அதுல போய் ஒட்டிக்கும், நிறுத்தினா இழுக்கற விசை இல்லாம கீழ உதிர்ந்துடும், அதான் கொஞ்ச நேரம் விட்டா திரும்ப ஓடுது. வேப்பர் லாக்குன்னு சொன்னவரு ஏன் சொன்னாருன்னு புரியுது, வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும்.

உறுதி பண்ண, டேங்க்ல பாதிக்கு கீழ பெட்ரோல் வச்சுட்டு, மூடிய திறந்து, பம்ப் உள்வாய் ஹோஸ கழட்டி டேங்க் பக்கமா ஃபுட் பம்ப்ல மெதுவா காத்து அடிங்க. முதல்ல கெட்டியா இருந்து அப்புறம் திடீர்னு விட்டு உள்ள குமிழி சத்தம் வந்தா அதேதான். கம்ப்ரஸர் வெச்சு அடிக்காதீங்க சாமி, சல்லடை கிழிஞ்சுடும்.

டர்போ_தம்பி

பம்ப்புக்கு முன்னாடி ஒரு இன்லைன் ஃபில்டர் போட்டா முடிஞ்சுதே?

ஹாரோ_அண்ணை

தம்பி, இந்தளவு துரு வந்தால் அந்த ஃபில்டரும் கெதியில அடைபடும், பம்ப் அதே மாதிரி இழுத்துத் தவிக்கும், நீங்கள் சல்லடையை டேங்க்குக்கு உள்ள இருந்து கொஞ்சம் வெளியில நகர்த்தினதுதான் மிச்சம். ஃபில்டர் போடுறதெண்டால் பம்புக்குப் பிறகு, கார்புக்கு முன்னால போடுங்கோ, அதுவும் டேங்க்கை சுத்தமாக்கினாப் பிறகு.

ரெடிங்_ரோட்ஸ்டர்

காத்து அடிச்சேன், முதல்ல கெட்டி, அப்புறம் பொளக்னு விட்டு குமிழி. உடனே சாடி டெஸ்ட் பண்ணா முழு நிமிஷமும் ஒரே மாதிரி கொட்டுச்சு. டேங்க்க இறக்கிட்டேன். அடிப்பக்கம் பாக்க நல்லா இருக்கு, மேல்பக்கம்தான் பூட் தரைக்கும் டேங்க்குக்கும் நடுவுல சேறு தங்கி துரு பிடிச்சு பொரிஞ்சு போயிருக்கு, ஸ்க்ரூடிரைவர்ல குத்தினா ஒரு இடத்துல உள்ள போகுது. உள்ள சீலர் ஊத்தி காப்பாத்தலாமா இல்ல புது டேங்க் தானா?

கோவை_கார்ப்காரன்

ஸ்க்ரூடிரைவர் உள்ள போச்சுன்னா யோசிக்கவே வேண்டாம், புதுசு. எம்ஜிபிக்கு புது டேங்க் சுலபமா கிடைக்கறது உங்க அதிர்ஷ்டம், மத்த பழைய வண்டிக்காரங்க அதுக்கு ஏங்கறாங்க. பழைய சீலர் சிலது எத்தனால்ல கரைஞ்சு தோல் தோலா உரிஞ்சு இதே சல்லடைல வந்து அடைக்கும். இங்க கோவை பங்க்ல இப்ப இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதுல சீலர் உரிஞ்ச டேங்க்க பாத்து பாத்து வெறுத்துட்டேன்.

ஹாரோ_அண்ணை

நானும் அதேதான். ஹோஸ் எல்லாம் ஒரேயடியா மாத்துங்கோ, எத்தனாலைத் தாங்கிற தரம் எண்டதுக்கு மேல ஆர்9 எண்டு அச்சடிச்சிருக்கிறதா பார்த்து வாங்குங்கோ, பேர் தெரியாத மலிவு ஹோஸ் வேண்டாம். இங்க இங்கிலாந்தில 2021 செப்டம்பர்ல இருந்து சாதாரண பெட்ரோல் இ10, எங்கட வண்டிக்கு எத்தனால் குறைஞ்ச சூப்பர் இ5 தான், மைலுக்கு கொஞ்சம் காசு கூட எண்டாலும் பரவாயில்லை. குளிருக்கு நிப்பாட்டேக்க அரை டேங்க்கோட விடாமல் நிரப்பி விட்டால் உள்ள ஈரம் கட்டுற இடம் குறையும். புது டேங்க் ஏத்த முதல் அதின்ர மேல்பக்கத்துக்கு நல்லா பெயின்ட் அடிச்சு மெழுகும் பூசுங்கோ, ஏத்தின பிறகு அங்க கை போகாது. முதல்ல பத்து லிட்டர் மட்டும் விட்டு டேங்க்கில பெட்ரோல் அளவை எடுத்து கேஜுக்கு அனுப்புற சென்டரின்ர (sender) ரப்பர் வளையம் கசியுதோ எண்டு பாத்திட்டு பிறகு நிரப்புங்கோ.

ரெடிங்_ரோட்ஸ்டர்

சரிண்ணா, டேங்க், சென்டர் ரப்பர், ஆர்9 ஹோஸ் எல்லாம் ஆர்டர் போட்டாச்சு. ஃப்ளோட் சேம்பர் ரெண்டையும் கழுவறப்பவே லெவலும் பாத்துடறேன், மேனுவல்ல 1/8ல இருந்து 3/16 இன்ச்னு போட்டிருக்கு, எது வெச்சு அளக்கறீங்க?

கோவை_கார்ப்காரன்

மூடிய தலைகீழா புடிச்சு ஊசி தானா மூடின நிலைல, ஃப்ளோட்டுக்கும் மூடிக்கும் நடுவுல 4 மில்லிமீட்டர் டிரில் பிட் ஒண்ண படுக்க வெச்சு தள்ளிப் பாருங்க, லேசா உரசிட்டு போனா சரி. ஃப்ளோட்ட கையால அமுக்காதீங்க, முனைல ஸ்பிரிங் வெச்ச ஊசியா இருந்தா அளவு பொய் சொல்லும்.