பிளேஸ்டேஷன் வைத்திருப்பவன் கட்டற்ற மென்பொருள் பேசலாமா?

ஜாய்ஸ்டிக்ராஜா: நேத்து வேர்ப்பயனர் எழுதின வரி: "வீட்ல கன்சோல் வச்சுக்கிட்டு கட்டற்ற மென்பொருள் பேசுறவன், கருவாட்டுக் கடையில நின்னு சைவம் பேசுறவன்." படிச்சதுல இருந்து எரிச்சலா இருக்கு. மூலநிரலை யாரும் படிச்சு, மாத்தி, பகிரலாம்ங்கறதுதானே கட்டற்ற மென்பொருள்? பத்து வருஷமா அப்படிப்பட்ட லினக்ஸ் இயங்குதளமான டெபியன்தான் என் சோறு. ராத்திரி ஒரு மணி நேரம் ஃபுட்பால் ஆடினா துரோகியா? பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3) கன்சோல்ல லினக்ஸ் போட, அதைச் செஞ்ச சோனியே வழி விட்டிருந்தாங்க. 'அதர் ஓஎஸ்' (வேற இயங்குதளம்)னு மெனுவுலயே இருந்துச்சு.

வேர்ப்பயனர்: இருந்துச்சு. 2010 ஏப்ரல் 1, 3.21 அப்டேட்ல பிடுங்கிட்டாங்க. அந்தப் பாதியை ஏன் முழுங்குறீங்க?

ஜாய்ஸ்டிக்ராஜா: யாரும் பிடுங்கல. அப்டேட் வேணாம்னு விடலாம். விட்டவங்களுக்கு லினக்ஸ் அப்படியே இருந்துச்சு.

வேர்ப்பயனர்: விட்டவன் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் உள்ள போக முடியாது. ஆன்லைன் ஆட்டம் கிடையாது. புது ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே இருக்கிற அடிப்படை மென்பொருள்) கேக்குற டிஸ்க் ஓடாது. ரெண்டு வசதியும் பெட்டியோட விலைக்குள்ள வந்தது. இப்போ ஒண்ணைத் தூக்கிப் போடுங்கறாங்க. வீட்டுக்காரர் "நீ காலி பண்ண வேணாம், தண்ணியை மட்டும் நிறுத்திடறேன்"னா அதுக்குப் பேர் உன் விருப்பமா?

ஜாய்ஸ்டிக்ராஜா: வீட்டுக்காரர் கதை வேணாம். 'வேண்டாம்'னு சொல்ல வழி இருந்துச்சா இல்லையா?

நெய்தல்_வாசி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 'கட்டற்ற' என்றால் கட்டுப்பாடில்லாமல் திரிவது என்று பொருள்படும். 'தளையறு மென்பொருள்' என்பதே சரி. இதைப் பலமுறை சொல்லிவிட்டேன்.

வேர்ப்பயனர்: ஐயா, சொல்லாக்கத்துக்குத் தனி இழை இருக்கு. அங்கயும் நீங்கதான் கடைசியா எழுதியிருக்கீங்க.

நெய்தல்_வாசி: யாரும் மறுக்கவில்லை என்பதால்தான் கடைசியாக இருக்கிறது.

மடிக்கணினி_மாலா: வேர்ப்பயனர் சார், கன்சோலை விடுங்க. உங்க லேப்டாப் வைஃபை சிப்புக்கு ஃபர்ம்வேர் எங்க இருந்து வருது? அதுக்கு மூலநிரல் காட்டுங்க. டெபியனே 2023ல 12ஆம் பதிப்போட இன்ஸ்டாலர்ல மூடின ஃபர்ம்வேரைச் சேர்த்தாச்சு. ஆனா லினக்ஸ் போட்டுத் தர்ற இன்ஸ்டால் விழாவுல அதே காரணத்துக்கு என் லேப்டாப்பைத் தொட மாட்டேன்னு எழுந்து போனீங்க. அம்பது பேர் பார்த்தாங்க. நான் மறக்கல.

வேர்ப்பயனர்: அன்னிக்கு எழுந்து போனது சாப்பாட்டு நேரம்னு. விஷயத்துக்கு வர்றேன்.

சென்னை ரிச்சி தெருவுல செகண்ட் ஹேண்ட்ல ஒரு தடிமனான பிஎஸ்3 வாங்கினேன். உள்ள 3.21க்கு முந்தின 3.15 ஃபர்ம்வேர், லினக்ஸோட. ஆன் பண்ணினா திரையோட இடது மேல் மூலையில லினக்ஸ் சின்னமான பென்குயின் ரெண்டு பக்கத்துல பக்கத்துல நிக்கும், கீழ எழுத்து ஓடும். 256 எம்பி ரேம்தான், கிராஃபிக்ஸ் சிப்பைத் தொட விடாது. ஒரு பக்கம் திறக்க அரை டம்ளர் டீ ஆறிடும். ஆனா பெட்டி சொன்னதைக் கேக்கும். அமெரிக்க விமானப்படை 1,760 பிஎஸ்3 சேர்த்து சூப்பர் கம்ப்யூட்டரே கட்டினாங்க. அப்பேர்ப்பட்ட கதவைத்தான் சாத்தினாங்க. 2007ல வந்த ஜிபிஎல் 3 (கட்டற்ற மென்பொருளுக்கான உரிமம்), வீட்டுச் சாதனத்தை இப்படிப் பூட்டக் கூடாதுன்னு எழுதி வச்சது சும்மாவா?

ஜாய்ஸ்டிக்ராஜா: லினக்ஸோட மையப்பகுதியான கர்னல் இன்னிக்கும் ஜிபிஎல் 2தான். உங்க பென்குயினுக்கே அந்தச் சட்டம் பொருந்தாது. இப்பவும் பதில் வரல: 'வேண்டாம்' இருந்துச்சா?

வேர்ப்பயனர்: இருந்துச்சுன்னா, பிஎஸ்3 வாங்கினவங்க போட்ட வழக்குல சோனி ஏன் இறங்கி வந்தாங்க? 2018 சமரசத்துல ஆளுக்கு 65 டாலர் வரைக்கும் குடுக்க ஒத்துக்கிட்டாங்களே!

ஜாய்ஸ்டிக்ராஜா: சமரசம்னா தப்பை ஒத்துக்கிட்டதா அர்த்தமில்ல. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கின ஸ்டால்மனே 2012ல எழுதினார்: மூடின விளையாட்டு தப்பு, ஆனா ஆடித்தான் ஆவேன்னா விண்டோஸ்ல ஆடுறதைவிட லினக்ஸ்ல ஆடு. அவருக்கு இருக்கிற இரக்கம் உங்களுக்கு இல்ல.

வேர்ப்பயனர்: அவர் லினக்ஸ்ல ஆடச் சொன்னார். பிளேஸ்டேஷன்ல ஆடச் சொல்லல.

ஜாய்ஸ்டிக்ராஜா: பிஎஸ்4 ஃப்ரீபிஎஸ்டிங்கற கட்டற்ற இயங்குதளத்து மேலதான் ஓடுது.

வேர்ப்பயனர்: ஊர்க் கிணத்துத் தண்ணியைத் தொட்டியில நிரப்பி மூடிக்குப் பூட்டு போட்டாச்சு. அதைப் போயி பொதுக்கிணறுங்கறீங்க.

மடிக்கணினி_மாலா: ஸ்டீம் டெக்னு கையடக்க கேம் கருவி இருக்கு, வாங்கிட்டுப் போங்க ரெண்டு பேரும். உள்ள ஆர்ச் லினக்ஸ் அடிப்படை, வேற ஓஎஸ் போடவும் தடையில்ல. என் லேப்டாப் விஷயத்துக்குப் பதில்?

வேர்ப்பயனர்: அதுல ஆட்டம் வாங்கி ஓட்டுற ஸ்டீம் செயலியும் மூடினதுதான். அடுத்த கருவாட்டுக் கடை.

ஜாய்ஸ்டிக்ராஜா: ஒரே கேள்வி. உங்க ரிச்சி தெரு மெஷின்ல லினக்ஸ் எப்படி மிஞ்சுச்சு?

வேர்ப்பயனர்: முன்னாடி வச்சிருந்தவர் அப்டேட் போடல.

ஜாய்ஸ்டிக்ராஜா: அதாவது 'வேண்டாம்'னு சொல்லியிருக்கார். வழி இருந்துச்சு. நீங்களே எழுதிட்டீங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு.

வேர்ப்பயனர்: எடுத்து ஃபிரேம் போடுங்க. வழி இருந்திருந்தா அவர் ஏன் வித்தார்?

மடிக்கணினி_மாலா: சாப்பாட்டு நேரம்னு சொன்னீங்களே, அப்போ மணி காலை பத்தரை.