அவகாடோ கொட்டை வெடித்துவிட்டது, தளிரைக் காணோம்

மதுரைமாடி எழுதியது:
மகளுக்கு பட்டர் ஃப்ரூட் ஜூஸ் போட்டுக் கொடுத்த பிறகு கொட்டையைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. கழுவி, பழுப்புத் தோலை உரித்து, கோணி ஊசியால் மூன்று பக்கமும் துளை போட்டு ஈர்க்குச்சி செருகி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் வாயில் உட்கார வைத்தேன். தட்டையான அடிப்பக்கம் மட்டும் தண்ணீரில்.

இன்றோடு 46 நாள். 24ஆம் நாள் கொட்டை நடுவில் பிளந்தது. வேர் சுண்டுவிரல் நீளத்துக்கு இறங்கிவிட்டது. மேலே மட்டும் ஒன்றும் இல்லை. பிளவுக்குள் டார்ச் அடித்தால் மிளகளவு வெளிர்மஞ்சளாக ஏதோ தெரிகிறது. தளிரா, பூஞ்சையா? தண்ணீரும் இரண்டே நாளில் வழவழத்துப் போகிறது. மாமியார் போகும்போதும் வரும்போதும் பாட்டிலைப் பார்த்து, "இது உன் பேரப்பிள்ளைக்காவது காய்க்குமா?" என்கிறார். மண்ணுக்கு மாற்றலாமா, இன்னும் பொறுக்கலாமா?

பண்ணைக்காட்டுக்காரன் எழுதியது:
அது தளிர்தான் அக்கா, டார்ச் அடித்து அதைத் தொந்தரவு பண்ணாதீங்க. முதலில் வேர், அப்புறம்தான் தளிர். சில கொட்டைக்கு இரண்டு மாதம்கூட ஆகும்.

எங்கள் பக்கம் காபித் தோட்டத்துக்குள் இந்த மரம் நிறைய. நாங்கள் யாரும் தண்ணீரில் போடுவதில்லை. பழுத்த பழத்திலிருந்து எடுத்த கொட்டையை ஈரம் காயாமல் நேராக நாற்றுப் பையில் வைத்துவிடுவோம். இரண்டு மூன்று வாரம் கிடந்தால் முளைப்புத் திறன் போய்விடும். கூம்பு மேலே, தட்டை கீழே, தலை மண்ணுக்கு வெளியே கொஞ்சம் தெரிய வேண்டும்.

நீங்கள் இப்பவே மாற்றலாம். வேர் பட்டென்று ஒடியும், அதனால் குச்சியை உருவிவிட்டு, பையில் பாதி மண் போட்டு, கொட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே சுற்றிலும் மண்ணைத் தூவுங்கள். அமுக்க வேண்டாம். செம்மண், ஆற்று மணல், மக்கின எரு சமமாக இருந்தால் போதும். அடியில் தண்ணீர் தேங்கினால் வேரழுகல் வந்துவிடும், இந்த மரத்துக்கு அதுதான் எமன்.

காய்க்க ஏழு, பத்து வருஷம் ஆகும். தாய்ப்பழம் போலவே இருக்கும் என்று சொல்லவும் முடியாது. சீக்கிரம் பழம் வேண்டுமென்றால் தண்டு பென்சில் கனம் வந்ததும் நல்ல மரத்துக் குச்சியை ஒட்டுக் கட்டுங்கள். கொடைக்கானல் கீழ்மலையில் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.கே.டி. 1 ரகம் அங்கிருந்து வந்ததுதான்.

உப்புத்தண்ணி எழுதியது:
நான் சென்னை. என் செடி ஒன்றரை அடி வளர்ந்து, பன்னிரண்டு இலையோடு ஜம்மென்று நின்றது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே போகும் தண்ணீரை வீணாக்குவானேன் என்று தினமும் அதையே ஊற்றினேன். கெட்டிக்காரத்தனம்! இலை நுனி பழுப்பாகி, ஓரமெல்லாம் கருகி, நடு நரம்பு வரை ஏறியது. வெயில் என்று நினைத்து இன்னும் கூடுதலாக ஊற்றினேன். அந்தத் தண்ணீரில் உப்பு அப்படியே செறிந்திருக்கும், அவகாடோவுக்கு உப்பு ஆகவே ஆகாது என்று தெரிந்தபோது குச்சிதான் மிச்சம். மதுரையில் போர்த் தண்ணீர் என்றால் கவனம். மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள். சித்திரை வெயிலில் நிழல்வலையும் போடுங்கள்.

விதைப்பித்து எழுதியது:
மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: உலகமெல்லாம் விற்கும் ஹாஸ் ரகமே கொட்டையில் முளைத்ததுதான். கலிபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் அந்தக் கன்றில் வேறு ரகத்தை ஒட்டுக் கட்டிப் பார்த்தார், ஒட்டு ஒட்டவே இல்லை. சரி, கிடக்கட்டும் என்று விட்டார். 1935இல் அதற்குக் காப்புரிமையே வாங்கினார். அந்தத் தாய்மரம் 2002 வரை இருந்தது. கடைசியில் அதைக் கொன்றதும் வேரழுகல்தான்.

மதுரைமாடி எழுதியது:
ஞாயிற்றுக்கிழமை பைக்கு மாற்றினேன். ஒரு பக்கவேர் மட்டும் ஒடிந்தது. இன்று காலை பிளவுக்கு வெளியே செம்பு நிறத்தில் அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் பார்த்தது மாமியார்தான். "எறும்பு ஏறுது, மஞ்சள்தூள் போடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். போடலாமா?

பண்ணைக்காட்டுக்காரன் எழுதியது:
பையைச் சுற்றித் தரையில் போடச் சொல்லுங்க. தளிர் மேல் வேண்டாம்.