காட்டுத் தேனீ எவ்வளவு தூரம் மேய்கிறது, ஏன்? கூட்டைச் சுற்றிய நிலத்தை அளந்த அனுபவங்கள்

பொந்துக்காரர்:
தேனீக்கு மேய்ச்சல் எப்படி என்று பார்க்கப் பலர் கூட்டைச் சுற்றி 1 கி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டு, உள்ளே பூப்பவற்றைப் பட்டியலிட்டு முடித்துவிடுகிறார்கள். அது 3 சதுர கி.மீ. சொச்சம்தான். நியூயார்க் மாநிலத்து ஆர்னாட் காட்டில் ஆய்வாளர்கள் விஷரும் சீலியும் எடுத்து 1982இல் வெளியிட்ட கணக்கில், ஐரோப்பியத் தேனீயின் 95 சதவீத மேய்ச்சலை அடக்க 6 கி.மீ. ஆரம் தேவைப்பட்டது. பரப்பாகச் சொன்னால் 113 சதுர கி.மீ. கொம்புத்தேனீ (கிளையில் ஒற்றை அடை கட்டும் சிறு தேனீ), அடுக்குத்தேனீ (பொந்தில் பல அடை கட்டும் நம்மூர்த் தேனீ) வட்டங்கள் இதைவிட மிகச் சிறியவை. இனம் பார்த்துத்தான் ஆரம் வைக்கவேண்டும்.

அடைவாசகன்:
தூரத்தை ஊகிக்க வேண்டாம், கூட்டுக்குத் திரும்பிய தேனீ பூ இருக்குமிடத்தை மற்றவற்றுக்குக் காட்ட ஆடும் வாலாட்டு நடனமே சொல்லும். செங்குத்து அடையில் மேல்நோக்கிய கோடுதான் சூரியன் இருக்கும் திசை. தேனீ அதிலிருந்து வலப்புறம் 30 பாகை சாய்ந்து ஆடினால், பூ சூரியனுக்கு வலப்புறம் 30 பாகையில். ஐரோப்பியத் தேனீக்கு ஒரு விநாடி ஆட்டம் தோராயமாக 1 கி.மீ. இந்த அளவை அடுக்குத்தேனீக்குப் போட்டால் தூரம் ஏகத்துக்கு ஊதிவிடும். குறுகிய வட்டத்தில் மேயும் இனங்கள் அதே தூரத்துக்கு அதிக நேரம் ஆடும். வாலை ஆட்டியபடி நேராக ஓடுவதை ஓர் ஓட்டம் என்று வைத்து, முதல் ஓட்டத்தையும் கடைசி ஓட்டத்தையும் விட்டுவிட்டு, நடுவில் நாலு ஓட்டத்துக்குச் சராசரி எடுங்கள். வெப்பமண்டலத்தில் சூரியன் உச்சந்தலைக்கு வரும் சில நிமிடங்களில் திசை குழம்பும், அந்தப் பதிவுகளைத் தள்ளிவிடலாம். கொம்புத்தேனீ அடையின் மேல்தட்டில் படுகிடையாக ஆடுவதால், அது ஓடும் திசையே பூவின் திசை.

ஈரநிலம்:
ஒரு திருத்தம். தேனீ கி.மீ. எண்ணுவதில்லை, கண்ணைக் கடந்து ஓடும் காட்சியைத்தான் எண்ணுகிறது. ஆய்வாளர் சீனிவாசனின் குழு 2000இல் காட்டியது இது: உட்சுவரில் கோலமிட்ட குறுகிய குழாயில் ஆறு மீட்டர் சொச்சம் பறந்த தேனீ, கிட்டத்தட்ட 200 மீட்டர் கூடுதலாகப் பறந்ததுபோல் ஆடியது. புதர் மண்டிய நிலத்தின் மேல் பறந்தால் ஆட்டம் நீளும், அசையாத ஏரிப்பரப்பின் மேல் பறந்தால் குறையும். அதனால் உங்கள் நிலத்திலேயே, அளந்து வைத்த தூரங்களில் சர்க்கரைப் பாகுத்தட்டு வைத்து, அளவுகோலைச் சரிபார்த்த பிறகே வரைபடத்தில் புள்ளி வையுங்கள்.

பொந்துக்காரர்:
ஆட்டம் நீண்டால் நிலம் வறண்டது என்று எழுதிவிடுவதுதான் பெரிய பிழை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆகஸ்டில் ஹெதர் என்ற பூப்புதர் மண்டிய மேட்டுநிலம் பூக்கையில் பாதி நடனங்கள் 6 கி.மீ.க்கு அப்பால் காட்டின. அங்கே இழுத்தது தூரத்தில் இருந்த செழிப்பு. பஞ்சமா செழிப்பா என்று பிரித்தறிய வழி இருக்கிறது. நடனம் தெரியும்படி கண்ணாடிப் பெட்டியில் வைத்த தேனீக் குடும்பம் ஒன்றை அதே நிலத்தில் வைத்து, மாறாத தூரத்தில் வாசனையில்லாத சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். லிட்டருக்கு 85 கிராம், பிறகு 170, பிறகு 340. எந்த அளவில் ஆடத் தொடங்குகின்றன என்று பாருங்கள். 85க்கே ஆடினால் வெளியில் பஞ்சம். 340க்கும் ஆடவில்லையென்றால் எங்கோ பூந்தேன் கொட்டுகிறது. ஆட்டத்தின் தூரத்தோடு இந்த எண்ணையும் சேர்த்துக் குறிக்காவிட்டால் பாதித் தகவல் போச்சு.

கிளைமேல்:
மரப்பொந்தில் இருப்பவற்றின் நடனம் கண்ணுக்குத் தெரியாது, கூட்டையே முதலில் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். பழைய அடைத்துண்டில் பாகு ஊற்றி, பூவில் பிடித்த தேனீயைப் பெட்டிக்குள் குடிக்கவிட்டு, சாயப் புள்ளி வைத்து விடுங்கள். அது பறந்து மறையும் திசையையும், திரும்பி வர ஆகும் நேரத்தையும் எழுதுங்கள். மணிக்கு 25 கி.மீ. வேகம் என்றால், 1 கி.மீ. போய்வரவே ஐந்து நிமிடம் ஆகும், அதன்மேல் கூட்டில் பாகினை இறக்கும் நேரம். சராசரி போடாதீர்கள், ஆகக் குறைந்த நேரமே கணக்கு. அடர்காட்டில் தேனீ சுழன்று உச்சிக்கு ஏறிவிடும், திசை கிடைக்காது. வெட்டவெளிக்கு நகர்ந்து, இரண்டாவது இடத்திலும் திசை எடுத்து, கோடுகள் வெட்டும் இடத்தில் தேடுங்கள். பூந்தேன் பெருகும் வாரங்களில் இது வேலை செய்யாது, தேனீ பாகினை ஏறெடுத்தும் பார்க்காது.

ஈரநிலம்:
ஒரே பயிர் ஏக்கர் கணக்கில் பூக்கும்போது மேய்ச்சல் தூரம் சட்டென்று சுருங்கும், பூ உதிர்ந்ததும் நீளும். எனவே ஒரு பருவத்து அளவை வைத்து நிலத்துக்கு மதிப்பெண் போட முடியாது. ஸ்பெயினின் கலீசியாவில், உள்ளீடற்ற மின்கம்பங்களில் குடியிருக்கும் காட்டுக் குடும்பங்களில், சுற்றிலும் புதர்க்காடும் இயற்கை நிலமும் அதிகம் இருந்தவையே குளிர்காலத்தைக் கூடுதலாகத் தாண்டின. இன்னொன்று: காடு என்றாலே மேய்ச்சல் என்று வரைபடத்தில் பச்சை அடிக்காதீர்கள். காற்றால் மகரந்தம் பரவும் ஒரே மரம் அடர்ந்து, தரையில் பூச்செடி இல்லாத காட்டில் தேனீக்குப் பொந்து கிடைக்கும், பூந்தேனுக்கு வெளியேதான் போகவேண்டும்.