8 வயது லாப்ரடார் இரவில் படுக்காமல் தவிக்கிறது: மூட்டு வலியாக இருக்குமா?

குழுவினருக்கு வணக்கம். எங்கள் பெண் லாப்ரடார் மூன்று வாரங்களாக இரவில் ஓரிடத்தில் படுக்காமல் மூச்சிரைத்தபடி சுற்றி வருகிறது. மாடிப்படி ஏறத் தயங்குவதோடு, இதுவரை யாரையும் பார்த்து உறுமியறியாத அது, இடுப்பைத் தொட்டால் உறுமுகிறது.

முன்னங்கால் மணிக்கட்டை ஓயாமல் நக்குவதால் முதலில் ஒவ்வாமை என்றே நினைத்தோம். ஆனால் விரலிடுக்கில் சிவப்போ, காதில் அழுக்கோ வாடையோ, உடம்பில் உண்ணியோ இல்லை. வலியுள்ள மூட்டின் மேலுள்ள தோலை நாய்கள் நக்குவது உண்டு என்பதாலும், இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரவலாகக் காணப்படுவதாலும், மூட்டுத் தேய்மானமாக இருக்குமோ என்று இப்போது ஐயம் எழுகிறது. எடை 38 கிலோ. கேட்கும்போதெல்லாம் பிஸ்கட் கொடுத்தது என் தவறுதான்.

சனிக்கிழமை எக்ஸ்ரே எடுக்கவிருக்கிறோம். பக்கத்து வீட்டார் இபுப்ரோஃபென் கொடுக்கச் சொன்னார். மனிதர்களுக்கான அந்த மாத்திரை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதால் கொடுக்கவில்லை.

இதே அறிகுறிகளோடு வேறு காரணம் கண்டறியப்பட்ட அனுபவம் உங்களில் எவருக்கேனும் உண்டா? மருத்துவரிடம் வேறு எந்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்க வேண்டும்? வழுக்கும் டைல்ஸ் தரையில் அது சறுக்காமல் நடக்க நீங்கள் எதை விரித்தீர்கள் என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.