பர்மா மோல்மீன் வீடு குழு: கதிரின் கின்புன் லாரி

சனிக்கிழமை

[காலை 6:48] கதிர்: மாமா, எழுந்துவிட்டீர்களா? என் லெகோ லாரிக்கு, அதுதான் கின்புன்னிலிருந்து தங்கப்பாறை மலைக்கு ஆட்களை ஏற்றுகிற லாரியின் பொம்மைக்கு, நான்கு சக்கரமும் மாட்டிவிட்டேன். ஆனால் ஒரு கோளாறு. கேபினை விரலால் கீழே அழுத்தினால் முன்சக்கரம் இரண்டும் தானாக இடப்பக்கம் திரும்புகின்றன. ஸ்டீயரிங்கை நான் தொடவே இல்லை. வீடியோ அனுப்புகிறேன்.

[6:49] கதிர்: (வீடியோ)

[7:15] செல்வம் மாமா: பார்த்தேன் மாப்பிள்ளை. இது கட்டை லாரிக்கு மட்டும் வருகிற நோய் இல்லை. பட்டறைக்கு வருகிற பெரிய வண்டியிலும் பார்த்திருக்கிறேன். பள்ளத்தில் இறங்கினால் ஒரு பக்கம் இழுக்கிறது என்பார்கள், பிரேக்கைக் குறை சொல்வார்கள். கடைசியில் டிராக் லிங்கில்தான் (ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற கம்பி) விஷயம் இருக்கும். உன் டிராக் லிங்கின் மறுமுனையை எங்கே பிடித்திருக்கிறாய்? பக்கவாட்டில் ஒரு படம் எடு.

[7:21] கதிர்: (படம்) முன் அச்சைத் தாங்குகிற கை இரண்டும் அச்சுக்குப் பின்னால் 9 ஸ்டட் தள்ளிச் சட்டத்தில் மாட்டியிருக்கின்றன. டிராக் லிங்க் பம்பருக்குப் பக்கத்திலிருந்து வருகிறது. 3 ஸ்டட் நீளம். அங்கேதான் இடம் இருந்தது.

[7:23] அம்மா: ஸ்டட் என்றால் என்னவென்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். அம்மாச்சியும் பக்கத்தில் இருந்து கேட்கிறார்கள்.

[7:24] கதிர்: கட்டையின் மேல் இருக்கும் குமிழ்தான் அம்மா. ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு 8 மி.மீ. எல்லா அளவும் அதை வைத்துத்தான்.

[7:31] செல்வம் மாமா: சரி, கேள். ஒரு கன்றை ஒரே முளையில் கட்டினால் அது வட்டமாகச் சுற்றும். அதே கன்றை எதிரெதிரே இரண்டு முளையில் கட்டினால் என்ன ஆகும்? எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒரு கயிறு கழுத்தை இழுக்கும். உன் முன் அச்சுக்கு அதுதான் நடக்கிறது. தாங்கும் கைக்கு முளை பின்னால், டிராக் லிங்குக்கு முளை முன்னால். அச்சு ஏறும்போது ஒன்று பின்னே இழுக்கிறது, இன்னொன்று முன்னே இழுக்கிறது. அந்த இழுப்புதான் சக்கரத்தைத் திருப்புகிறது.

[7:52] தேவி அக்கா: மாமா சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அச்சு ஒரு ஸ்டட் மேலேறினால் 9 ஸ்டட் கை அதை 0.45 மி.மீ. பின்னே கொண்டுபோகிறது. 3 ஸ்டட் லிங்கின் முனை 1.37 மி.மீ. முன்னே போகப் பார்க்கிறது. சேர்த்தால் 1.8 மி.மீ. சக்கரத்தைத் திருப்புகிற உன் ஸ்டீயரிங் கை 2 ஸ்டட்தானே, 16 மி.மீ.? அப்படியென்றால் சக்கரம் 6 பாகைக்கு மேல் தானாகத் திரும்பும். வீடியோவில் தெரிவதும் ஏறக்குறைய அதுதான்.

[7:53] கதிர்: இவ்வளவு சின்ன அளவுக்கா!

[7:55] தேவி அக்கா: கை குட்டையாக இருந்தால் சின்ன அளவும் பெரிதாகத் தெரியும். டிராக் லிங்கைப் பின்பக்கம் கொண்டுபோ. தாங்கும் கையின் முளைக்குப் பக்கத்திலேயே அதன் முளையும் இருக்கட்டும். நீளமும் அதே 9 ஸ்டட். இரண்டும் இணைகோடாக இருந்தால் ஒரே வளைவில் ஏறி இறங்கும், சக்கரம் அசையாது. லிங்கின் இரு முனையிலும் பந்து மூட்டு போடு. ஒரு சக்கரம் மட்டும் கல்லில் ஏறும்போது அச்சு சாயும், வெறும் பின் (துளையில் மாட்டும் சிறு ஆணி) போட்டால் அங்கே இறுகிவிடும்.

[7:58] செல்வம் மாமா: அதேதான். பழைய ஹினோ டி.ஈ. லாரியின் அடியில் படுத்துப் பார்த்தால் இது புரியும். பட்டை ஸ்பிரிங்கின் ஒரு முனை சட்டத்தோடு அசையாத கண்ணில் (துளை வளையம்) இருக்கும், மறுமுனை ஷேக்கிள் என்ற தொங்கும் இணைப்பில் ஆடும். அச்சு நடப்பது அசையாத கண்ணைச் சுற்றித்தான். டிராக் லிங்க் எங்கிருந்து வரவேண்டும் என்பதை அந்தக் கண்ணை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்டீயரிங் தனி, ஸ்பிரிங் தனி என்று செய்துவிட்டுக் கடைசியில் இரண்டையும் சேர்த்தால் இப்படித்தான் சண்டை போட்டுக்கொள்ளும்.

[8:04] கதிர்: நான் அப்படித்தான் செய்தேன் மாமா. போன வாரம் ஸ்டீயரிங், இந்த வாரம் ஸ்பிரிங். பிரித்துவிட்டு மறுபடி கட்டுகிறேன்.

[10:40] கதிர்: (வீடியோ) பாருங்கள்! கேபினை முழுக்க அழுத்துகிறேன், சக்கரம் நேராக நிற்கிறது.

[10:41] தேவி அக்கா: அழகு!

[10:44] கதிர்: ஆனால் ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது அக்கா. கேபின் மேலிருக்கும் ஸ்டீயரிங் குமிழைத் திருப்பினால் பாதியில் நின்று அப்புறம் துள்ளுகிறது.

[10:47] தேவி அக்கா: கிங்பின்னில் (சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சாணி) கறுப்புப் பின் போட்டிருக்கிறாயா? கறுப்பில் சிறு மேடு இருக்கும், துளையை இறுகப் பிடிப்பதற்காகவே. திரும்ப வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் பின் போடு, அது வழுக்கிக்கொண்டு திரும்பும். சட்டத்துக்குக் கறுப்பு, மூட்டுக்குச் சாம்பல்.

[10:52] கதிர்: சாம்பல் நிறத்தில் நீ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த லெகோ டெக்னிக் பெட்டியில் இருந்தவை நான்குதான். மீதி இங்கே சந்தையில் வாங்கியவை, அவை துளையில் லொடலொட என்று ஆடுகின்றன.

[10:54] தேவி அக்கா: அந்த நான்கையும் முன் அச்சுக்கே கொடுத்துவிடு. ஆடுகிறதை டெயில் போர்டில் (பின்கதவுப் பலகை) வை. ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் ஆட்டம் இருந்தால் ஐந்து மூட்டு தாண்டிச் சக்கரத்துக்கு வரும்போது கூடிப்போய்விடும். நீ குமிழைத் திருப்புவாய், சக்கரம் யோசித்துவிட்டுத் திரும்பும்.

[11:30] கதிர்: சரியாகிவிட்டது. இப்போது வேறு ஒன்று. முழுக்கத் திருப்பித் தள்ளினால் டயர் தரையில் இழுபட்டு கிறீச் என்கிறது. சிமென்ட் தரையில் கறுப்புக் கோடு விழுகிறது.

[11:31] அம்மா: அந்தக் கோட்டை நீயே துடைக்க வேண்டும்.

[11:38] அம்மா: அம்மாச்சி சொல்வதை எழுதுகிறேன்: "மேமியோவில் குதிரை வண்டி பார்த்திருக்கிறேன். முன்சக்கரம் சிறிது, பின்சக்கரம் பெரிது. திரும்பும்போது முன் அச்சு மொத்தமாகத் திரும்பி வண்டிக்கு அடியில் போகும். அதில் சக்கரம் இழுபடாது. பிள்ளை அதைப்போலச் செய்யக் கூடாதா?"

[11:46] தேவி அக்கா: அம்மாச்சி சொல்வது மிகச் சரி. அச்சு முழுதாகத் திரும்பினால் இரண்டு சக்கரமும் ஒரே மையத்தைச் சுற்றும். ஆனால் அதற்கு வண்டிக்கு அடியில் நிறைய இடம் வேண்டும். முழுக்கத் திரும்பினால் வண்டி ஒரு பக்கம் கவிழவும் பார்க்கும். அதற்காகத்தான் மியூனிக் நகரில் லாங்கன்ஸ்பெர்கர் என்ற குதிரை வண்டி செய்பவர் 1817இல் வேறு வழி கண்டார். அச்சு அப்படியே நிற்கும், சக்கரங்கள் மட்டும் தனித்தனிக் கிங்பின்னில் திரும்பும். அடுத்த ஆண்டு லண்டனில் காப்புரிமை வாங்கியவர் ஆக்கர்மான், அதனால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. இன்று மாமா பட்டறைக்கு வரும் லாரி வரைக்கும் அந்த ஏற்பாடுதான்.

[11:49] தேவி அக்கா: கதிர், உன் கிறீச் சத்தத்துக்குக் காரணம் இரண்டு சக்கரமும் ஒரே அளவு திரும்புவது. உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போகிறது, அது அதிகம் திரும்ப வேண்டும். உன் வண்டியில் முன் அச்சிலிருந்து பின் அச்சுக்கு 25 ஸ்டட், கிங்பின் இரண்டுக்கும் நடுவே 11 ஸ்டட். உள்சக்கரம் 30 பாகை திரும்பினால் வெளிச்சக்கரம் 24.7தான் திரும்ப வேண்டும்.

[11:51] கதிர்: அதை எப்படிச் செய்வது? இரண்டையும் இணைக்கிற ஒரே குறுக்குக் கம்பி, டை ராட்தானே இழுக்கிறது.

[12:05] செல்வம் மாமா: அம்மாச்சியிடம் ஒரு தையல் நூல் வாங்கு. பின் அச்சின் நடுவில் ஒரு முனையைக் கட்டு. மறுமுனையை வலப்பக்கக் கிங்பின்னில் சுற்று. இன்னொரு நூலை இடப்பக்கக் கிங்பின்னுக்கு. சக்கரம் நேராக இருக்கும்போது டை ராட் பிடித்திருக்கும் மூட்டு அந்த நூலின் மேலேயே இருக்க வேண்டும். இப்போது எங்கே இருக்கிறது பார்.

[12:20] கதிர்: (படம்) நூலுக்கு வெளியே இருக்கிறது மாமா. ஸ்டீயரிங் கை கிங்பின்னிலிருந்து நேர் பின்னால் போகிறது. நூல் உள்பக்கம் சாய்கிறது.

[12:24] தேவி அக்கா: 2 ஸ்டட் பின்னால் வரும்போது நூல் அரை ஸ்டட்டுக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே வந்திருக்கும். அரை என்றே வைத்துக்கொள். மூட்டை இருபுறமும் அரை ஸ்டட் உள்ளே தள்ளினால் டை ராட் 11க்குப் பதில் 10 ஸ்டட். 11 துளை பீமின் முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் இடையே சரியாக 10. ஆனால் ஸ்டீயரிங் கையைச் சக்கரத்தோடு சாய்த்து மாட்டு. கையை நேராக விட்டுவிட்டு டை ராடை மட்டும் குட்டையாக்கினால் சக்கரம் இரண்டும் வெளியே பார்த்து நிற்கும்.

[12:26] செல்வம் மாமா: டை ராடை அச்சுக்கு முன்னால் வைத்தால் எல்லாம் தலைகீழ். அப்போது மூட்டு வெளியே தள்ள வேண்டும், அங்கே சக்கரம் இடிக்கும். அதனால் பின்னாலேயே வை.

[பிற்பகல் 1:10] அம்மா: சாப்பிட வா என்று மூன்று தடவை கூப்பிட்டுவிட்டேன். தேவி, நீயாவது சொல்.

[1:11] தேவி அக்கா: கதிர், சாப்பிடு. அரை ஸ்டட் எங்கேயும் ஓடிப்போகாது.

[மாலை 5:36] கதிர்: மின்சாரம் இப்போதுதான் வந்தது, அதனால்தான் பதில் போடவில்லை. டை ராட் மாற்றிவிட்டேன். தரையில் ஈர மாவைத் தடவி வட்டமாக ஓட்டினேன். முன்பு முன்டயர் தடம் தேய்த்த மாதிரி அகலமாக விழுந்தது. இப்போது டயரின் வரி வரியாக அப்படியே பதிகிறது. (படம்)

[5:40] செல்வம் மாமா: மாப்பிள்ளை, அந்தப் படத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் காட்டினேன். மாவில் தடம் எடுப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

[5:44] தேவி அக்கா: ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஸ்டீயரிங்கை ஏன் வலப்பக்கம் வைத்திருக்கிறாய்? பர்மாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம்தானே போகின்றன?

[5:47] செல்வம் மாமா: நீ சின்ன வயதில் போய்விட்டாய், மறந்திருக்கும். 1970இல் சாலையை வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த லாரிக்கெல்லாம் ஸ்டீயரிங் வலப்பக்கமே இருந்தது. முந்தும்போது எதிரே வருவது டிரைவருக்குத் தெரியாது, இடப்பக்கம் நிற்கும் ஸ்பேர் பையன்தான் (டிரைவரின் உதவியாள்) எட்டிப் பார்த்துச் சொல்வான். கதிர் சரியாகத்தான் வைத்திருக்கிறான்.

[6:02] கதிர்: இப்போது ஸ்பிரிங் மாமா. மஞ்சள் ஸ்பிரிங் போட்டால் வண்டி கல் மாதிரி இருக்கிறது, அமுங்குவதே இல்லை. சாம்பல் போட்டால் காலியாக நிற்கும்போதே பாதி உட்கார்ந்துவிடுகிறது. கடைத் தராசில் நிறுத்தேன், முக்கால் வீசைக்குக் கொஞ்சம் குறைவு. 1.1 கிலோ.

[6:10] தேவி அக்கா: மஞ்சளை வைத்துக்கொண்டே மென்மையாக்கலாம். ஸ்பிரிங் இப்போது கையின் நுனியில், அச்சுக்கு மேலேயே, 9ஆவது ஸ்டட்டில் இருக்கிறதா? அதை 6க்குக் கொண்டுவா. மூன்றில் இரண்டு பங்கு தூரம் என்றால் சக்கரத்தில் தெரியும் விறைப்பு அதன் வர்க்கம், அதாவது 44 சதவீதம். ஒரு துளை நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

[6:18] செல்வம் மாமா: முன்பக்கத்துக்கு அது போதும். பின்பக்கம் அப்படி இல்லை. கின்புன் லாரி காலியாக இறங்கும், நாற்பது பேரோடு ஏறும். ஒரே ஸ்பிரிங் இரண்டுக்கும் ஒத்துவராது. நிஜ லாரியில் பட்டைக் கட்டுக்கு மேலே இன்னொரு சின்னக் கட்டு இருக்கும். காலியாக இருக்கும்போது அது எதையும் தொடாது. பாரம் ஏறி அச்சு நெருங்கிய பிறகுதான் தாங்க ஆரம்பிக்கும். நீயும் பக்கத்துக்கு ஒரு சாம்பல் வை. நடுவில் ஒரு மஞ்சளை அரை ஸ்டட் இடைவெளி விட்டுத் தொடாமல் வை.

[6:19] கதிர்: ஓ! அப்படியென்றால் பாதி வரைக்கும் சாம்பல் மட்டும், அப்புறம் மூன்றும்!

[6:20] செல்வம் மாமா: அதேதான்.

[இரவு 8:55] கதிர்: (வீடியோ) மூன்று அகராதிகளைப் படி மாதிரி அடுக்கி ஏற்றினேன். பின்னால் அரைக் கிலோ பருப்புப் பொட்டலம். காலியாக இருந்தபோது மெதுவாக ஆடியது, பொட்டலம் வைத்ததும் மஞ்சள் ஸ்பிரிங் தொட்டு நின்றுவிட்டது. ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது அச்சு சாய்கிறது, மற்ற மூன்றும் தரையிலேயே இருக்கின்றன. ஸ்டீயரிங் அசையவில்லை.

[8:58] தேவி அக்கா: நான் இதை நான்கு தடவை பார்த்துவிட்டேன் கதிர். 1977இல் வந்த முதல் டெக்னிக் பெட்டிகளில் ஒரு கார் சட்டம் இருந்தது, 853 என்று எண். அதில் ஸ்டீயரிங் உண்டு. அதைப் பற்றிப் படித்தபோது இவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

[9:03] கதிர்: அக்கா, அடுத்தது முன்னால் இரண்டு அச்சு திரும்புகிற லாரி செய்யலாமா? 2015இல் வந்த டெக்னிக் ஆரோக்ஸ் லாரி மாதிரி.

[9:09] தேவி அக்கா: செய்யலாம். முதல் அச்சும் இரண்டாவது அச்சும் ஒரே அளவு திரும்பக் கூடாது, அதுதான் முக்கியம். பின் அச்சுக் கூட்டத்தின் நடுவிலிருந்து முதல் அச்சுக்கு 36 ஸ்டட், இரண்டாவதற்கு 27 ஸ்டட் வை. அப்போது ஒரு நெம்புகோலில் 4ஆவது துளையிலிருந்து முதல் அச்சுக்கும் 3ஆவது துளையிலிருந்து இரண்டாவதற்கும் லிங்க் கொடுத்தால் போதும். முதலாவது 30 பாகை திரும்பினால் இரண்டாவது 23 பாகைக்குக் கிட்ட வரும். ஆனால் முதலில் இந்த லாரியை முடி. கோயில் தமிழ் வகுப்பு விழாவுக்கு இதைத்தானே கொண்டுபோகிறாய்?

[9:12] அம்மா: அம்மாச்சி: "கின்புன்னிலிருந்து தங்கப்பாறைக்கு ஏறும்போது ஒரு பலகையில் ஆறு பேர் உட்கார்ந்தோம். வளைவில் எல்லோரும் ஒரு பக்கம் சரிவோம். முன்பலகைக்கு மேலே இரும்புக் கம்பி இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். பிள்ளையின் லாரியில் பலகை இருக்கிறது, கம்பி இல்லையே."

[9:30] கதிர்: (படம்) அம்மாச்சி, ஒவ்வொரு பலகைக்கும் ஒரு கம்பி வைத்துவிட்டேன். நீளமான சாம்பல் நிற அச்சுக் கம்பிதான். நீங்கள் உட்கார்ந்தது எந்த வரிசை?

[9:34] அம்மா: "கடைசிக்கு முந்தியது, இடப்பக்க ஓரம்" என்கிறார்கள்.