மூட்டைக்குக் காவல்: சென்னை ஊழியப் பயணத்தில் நாங்கள் சந்தித்தவர்கள்

தொடங்கி வைப்பவர், காரைக்குடி

போன மே மாதம் எங்கள் சபையின் வாலிபர் 14 பேர் சென்னைக்கு ஊழியப் பயணம் போய் ஆறு நாள் தங்கி வந்தோம். அடுத்த பயணத்துக்குப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அதற்கு முன், போனவர்கள் எல்லாரும் அங்கே சந்தித்த ஒருவரைப் பற்றியாவது எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். மெரினாவில் எடுத்த படம் எல்லாரிடமும் இருக்கிறது. எனக்கு வேண்டியது, யாரைப் பார்த்தீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதுதான். முதலில் நானே எழுதுகிறேன்.

இருட்டு விலகும் முன்பே காரைக்குடியில் பல்லவன் ரயில் ஏறினோம். பக்கத்துத் தெரு ஆச்சி ஒருவர், நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல, முந்தின நாள் ராத்திரி இரண்டு டின் நிறையத் தேன்குழலும் சீப்புச் சீடையும் கொண்டுவந்து கொடுத்து, "நோயாளியப் பாக்கப் போறீகளாமே, கூட இருக்கிறவுகளுக்குக் குடுங்க, அவுகதான் பட்டினி கிடப்பாக" என்றார். அந்தச் சொல்லை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வண்டி திண்டிவனத்தைத் தாண்டும்போது எங்கள் போதகர் ஐயா எங்களைக் கூட்டி உட்காரவைத்து ஐடா ஸ்கடர் கதையைச் சொன்னார். பல பேருக்குத் தெரிந்த கதைதான். அதே திண்டிவனத்தில், மிஷனரி மருத்துவரான அப்பாவின் வீட்டில் ஐடா இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து பிரசவ வலியில் துடிக்கும் தங்கள் மனைவிக்கு உதவ வரும்படி அவரைக் கூப்பிட்டார்கள். ஆண் மருத்துவரை உள்ளே விட அந்தக் குடும்பங்களின் வழக்கம் இடம் கொடுக்கவில்லை. ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். பிறகு அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி., கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஐயா கடைசியாகச் சொன்னது இது: "அந்தம்மா திண்டிவனத்துல யாருக்கும் எதுவும் சொல்லல. வாசல்ல வந்து நின்னவங்க என்ன கேட்டாங்கன்னு மட்டும் காதுல வாங்குனாங்க."

எங்கள் திட்டம் வேறு மாதிரி இருந்தது. காலையில் ஒரு பெரிய அரசு மருத்துவமனைக்கு வெளியே ரொட்டியும் தண்ணீரும் கொடுத்து ஜெபிப்பது, மாலையில் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ்., அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி: பாட்டு, கதை, கைவேலை. மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. மாவட்டம் மாவட்டமாக நோயாளிகள் வந்து சேரும் எந்தப் பெரிய மருத்துவமனைக்கு வெளியிலும் இதே காட்சிதான். உள்ளே கட்டிலில் ஒருவர் படுத்திருப்பார். அவரோடு வந்த மூன்று பேரில் ஒருவருக்குத்தான் பாஸ். மற்ற இருவர் நடைபாதையில் பாயை விரித்துக் கிடப்பார்கள்.

முதல் நாள் ரொட்டி கொடுத்துக்கொண்டே போனேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "அங்கிட்டு நிக்காத ஆத்தா, தண்ணி ஊத்திக் கழுவுவாக, இங்கிட்டு வந்துரு."

சென்னையில் யார் 'அங்கிட்டு' என்று சொல்லப்போகிறார்கள்! திரும்பிப் பார்த்தேன். அறுபது தாண்டிய அம்மா. பழைய கண்டாங்கி. மடியில் ஒரு துணி மூட்டை. "எந்தூரும்மா?" என்றேன். கல்லல் பக்கத்து ஊர். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வீட்டுக்காரருக்குக் கழுத்தில் கட்டி. வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

ரொட்டியை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டார். "ஜெபிக்கலாமாம்மா?" என்று கேட்டேன். "அதுக்கென்ன, செய்யி ஆத்தா" என்றவர், நான் கண்ணை மூடுமுன் கேட்டார்: "ஒனக்கு அவசரம் இல்லையின்னா இந்த மூட்டையக் கொஞ்சம் பாத்துக்கிறியா? குளிச்சு மூணு நாளாச்சு."

அந்த மூட்டைக்குள் ரேஷன் அட்டை, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஸ்கேன் படம், ஓ.பி. சீட்டு, கொஞ்சம் பணம். அது தொலைந்தால் எல்லாம் முதலிலிருந்து. உள்ளே கொண்டுபோய் வைக்க இடமில்லை. யாரிடமும் நம்பிக் கொடுக்கவும் முடியாது. அதனால் அவர் கழிவறைக்குப் போவதையே தள்ளிப்போட்டு, அதற்காகத் தண்ணீர் குடிப்பதையும் குறைத்திருந்தார். மே மாத வெயிலில். நான் கொண்டுபோயிருந்ததோ தண்ணீர் பாட்டில்.

ஒன்றரை மணி நேரம் மூட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். கட்டணக் குளியலறையில் குளித்து, சேலை மாற்றி, ஈரத்தலையோடு வந்தார். வரும்போது கையில் இரண்டு டீ. ஒன்று எனக்கு.

அன்று சாயங்காலம் தங்கியிருந்த சபை மண்டபத்தில் இதைச் சொன்னேன். மறுநாளிலிருந்து காலையில் ரொட்டி கொடுப்பதைப் பாதியாகக் குறைத்தோம். இரண்டு இரண்டு பேராக நடைபாதையில் உட்கார்ந்து, "குளிக்கணுமா, தூங்கணுமா, மாத்திரை வாங்கணுமா, போயிட்டு வாங்க, மூட்டைக்கு நாங்க இருக்கோம்" என்று கேட்டோம். முதலில் நம்ப மாட்டார்கள், அதுவும் நியாயம்தான். கல்லல் அம்மாதான் பக்கத்துப் பாய்க்காரர்களிடம் "நம்மூருப் பிள்ளைக, பயப்படாதீக" என்று சொல்லிக் கொடுத்தார். நான்கு நாளில் சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டைக்காரர்களை மட்டும் பத்துப் பன்னிரண்டு பேர் பார்த்துவிட்டோம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் இத்தனை பேர் நோயோடு சென்னைக்கு வந்து கிடப்பது, ஞாயிறுதோறும் நோயாளிகளுக்காக ஜெபிக்கிற எங்களுக்குத் தெரியவில்லை. இது எனக்கு இன்றும் வலிக்கிறது.

காப்பீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. கல்லல் அம்மாவின் வீட்டுக்காரர் பெயர் ரேஷன் அட்டையில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. நம் பி.காம். தம்பி இரண்டு நாள் அதற்கே அலைந்தான். ஊரில் இருக்கும் அவன் அண்ணன் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துச் சான்று வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்ப, இவன் இங்கே நகல் எடுத்து வரிசையில் நின்றான். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவும் திட்டம் ஓர் எழுத்து மாறியதால் நிற்கிறது என்றால், அந்த எழுத்தைத் திருத்தத் தெரிந்த பிள்ளை பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று அன்றைக்குப் பார்த்தேன்.

ஆடி மாதம் கல்லல் அம்மாவின் வீட்டுக்காரர் ஊரில் காலமாகிவிட்டார். ஐந்து பேர் துக்கத்துக்குப் போனோம். உறவுக்காரர் ஒருவர் நாங்கள் யார் என்று விசாரித்தார். அந்த அம்மா அழுகைக்கு நடுவில் நிமிர்ந்து, "மெட்ராசுல என் மூட்டையப் பாத்துக்கிட்ட பிள்ளைக" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

மறுமொழி: தேவகோட்டையிலிருந்து

அக்கா, நான் மாலை வி.பி.எஸ். குழுவில் இருந்தேன். பெரும்பாக்கம். எட்டு மாடிக் கட்டடங்கள், ஒன்றைப் போலவே அடுத்தது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய, 2015 வெள்ளத்துக்குப் பிறகு வந்தவர்களும் உண்டு. அம்மாமார் பலருக்கு வேலை இன்னும் பழைய இடத்தில்தான், மயிலாப்பூரில் வீட்டு வேலை என்றால் விடியுமுன்பே பஸ் பிடிக்க வேண்டும்.

கைவேலை முடிந்து பரிசாகப் பென்சில் டப்பா கொடுத்தோம். ஐந்தாவது படிக்கும் ஒரு பாப்பா என்னைக் கையைப் பிடித்து மூன்றாவது மாடிக்குக் கூட்டிப்போய், அலமாரியில் அடுக்கியிருந்த டப்பாக்களைக் காட்டியது. நான்கு இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சபையின் பெயர். "இது போன வருஷம் வந்த அண்ணனுங்க, இது அதுக்கு முன்னாடி" என்று வரிசையாகச் சொன்னது. குறையாகச் சொல்லவில்லை, ஆசையோடுதான் சொன்னது. எல்லாருடைய பெயரும் அதற்கு ஞாபகம் இருந்தது. வந்தவர்களில் ஒருவராவது அதன் பெயரை ஞாபகம் வைத்திருப்பார்களா என்று அன்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாப்பாவின் அம்மாவிடம் என் எண்ணைக் கொடுத்தேன். மாதம் ஒருமுறை பேசுகிறோம். இப்போது ஆறாவது. கணக்கில் பின்னம் வரவில்லையாம், போனிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். இந்தத் தடவை டப்பா வேண்டாம் அக்கா.

மறுமொழி: பள்ளத்தூரிலிருந்து

என் மனதில் இருப்பதை மறைக்காமல் எழுதுகிறேன். சுவிசேஷக் கைப்பிரதி 500 எடுத்துப்போய், ஐயா சொன்னதால் ஒன்றுகூடக் கொடுக்காமல் திருப்பிக் கொண்டுவந்தோம். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. சுவிசேஷம் சொல்லாமல் வந்தால் அதை ஊழியம் என்று எப்படிச் சொல்வது? ரொட்டி கொடுக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லத்தானே நாம் போனோம்?

ஆனால் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டதையும் எழுதிவிடுகிறேன். திருப்பத்தூர்ப் பக்கம், மகனுக்குத் தலையில் அடி. இரண்டு ராத்திரி அவர் மூட்டைக்குப் பக்கத்தில் படுத்தேன். மூன்றாம் நாள், "தம்பி, நீங்கள்லாம் எந்தக் கோயிலு?" என்று அவராகவே கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, "என் பையன் பேரச் சொல்லி உங்க சாமிகிட்டயும் கேளு" என்றார். கேட்டேன். அழுதுகொண்டே கேட்டேன்.

தொடங்கியவர்

தம்பி, உன் உறுத்தல் எனக்குப் புரிகிறது, அதை லேசாக நினைக்கவில்லை. நான் நினைப்பது இது. கட்டிலில் கிடப்பவரும் அவருக்குக் காத்திருப்பவரும் எழுந்து போக முடியாது. நம் பேச்சு பிடிக்கவில்லை என்றால் விலகிப்போக இடமில்லாதவரிடம் நாமாகப் போய்ப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவராகக் கேட்டால் பேசுவோம், நீ பேசியதைப் போல. மத்தேயு 25-இல் ஆண்டவர், வியாதியாயிருந்தபோது விசாரிக்க வந்ததைத்தான் சொல்கிறார். நம்மூரில் 'விசாரிச்சதாச் சொல்லு' என்று சொல்லி அனுப்புவோமே, எனக்கு அந்த விசாரிப்புதான் காதில் கேட்கிறது. நீ ஒத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. ஐயா முன்னிலையில் இன்னும் பேசுவோம்.

மறுமொழி: முதல்முறை போன கல்லூரி மாணவி

எனக்கு எழுத அதிகம் இல்லை அக்கா. ஒரு நாள் மட்டும் புதுக்கோட்டை அக்கா ஒருவருக்குத் துணையாக அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனேன். பயந்துபோயிருந்தார், பஸ் மாறத் தெரியவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, "இத ஆரம்பிச்ச முத்துலட்சுமி ரெட்டி உங்க புதுக்கோட்டையில பிறந்தவங்கதான்கா" என்று சொன்னேன். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-இல் இதைத் தொடங்கினார் என்று பள்ளியில் படித்த ஞாபகத்தில் சொன்னேன். "எங்கூரா? எங்கூருப் பொம்பளையா?" என்று இரண்டு முறை கேட்டார். அதற்குப் பிறகு உள்ளே நடந்த நடையே வேறு. யாரிடமும் கேட்கத் தயங்கவில்லை.

மறுமொழி: கோட்டையூர்க்காரன், இப்போது சென்னையில்

நீங்கள் தங்கிய மண்டபத்துக்குச் சாப்பாட்டு ஏற்பாடு செய்தவன் நான். எட்டு வருடமாக இங்கே இருக்கிறேன். மே மாதம் எல்லாச் சபைகளும் வருகின்றன. ஒரே நிறத்தில் சட்டை போட்டு, பதினைந்து இருபது பேர் ஒன்றாக நடைபாதையில் இறங்கினால், அங்கே படுத்திருப்பவர்கள் எழுந்து வழிவிட வேண்டியிருக்கிறது. அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜூன், ஜூலையில் ஒருவரும் இல்லை. நோய் மே மாதத்தோடு போய்விடாது.

என் வேண்டுகோள்: 14 பேர் ஆறு நாள் வருவதற்குப் பதில், மாதம் இரண்டு பேர் நான்கு நாள் வாருங்கள். என் வீட்டில் இரண்டு பேருக்கு எப்போதும் இடம் உண்டு. கூட இருப்பவர்கள் சாப்பிட அம்மா உணவகம் இருக்கிறது, இட்லி ஒரு ரூபாய்தான். ஆனால் புதிதாக வருகிறவருக்கு அது எந்தப் பக்கம் இருக்கிறது, எத்தனை மணிக்குத் தீர்ந்துபோகும் என்று தெரியாது. அதைக் காட்டிக்கொடுக்க ஓர் ஆள் போதும்.

தொடங்கியவர்

அண்ணன் சொன்னதை ஐயாவிடம் காட்டினேன். ஒரே மூச்சில் மொத்தமாகப் போவதை விட்டுவிட்டு, மாதம் இரண்டு பேர் என்று மாற்ற ஒத்துக்கொண்டார். பெரும்பாக்கத்துக்கு மட்டும் மே மாதம் நான்கு பேர், போன வருடம் போனவர்களே.

சபை வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். சென்னை, மதுரை, வேலூர், எந்த மருத்துவமனைக்கு யார் புறப்பட்டாலும் அதில் எழுதச் சொல்லுங்கள். நம் சபைதான் என்றில்லை, தெருக்காரர், தெரிந்தவர், யாரானாலும். ஊர், போகும் தேதி, வண்டி, ஒரு போன் எண், இவ்வளவு போதும். சென்னை என்றால் கோட்டையூர் அண்ணன் எழும்பூரில் வந்து நிற்பார். அட்டைகளில் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பி.காம். தம்பி புறப்படுமுன்பே பார்த்துக் கொடுப்பான். சனிக்கிழமை மாலை அவன் சபையில்தான் இருப்பான்.

முதல் இரண்டு பேர் அடுத்த மாதம் பத்தாம் தேதி பல்லவனில். ஒன்று நான். இன்னொருவர் வேண்டும். ஆச்சியிடம் சொல்லிவிட்டேன். டின்னைக் கழுவித் திருப்பிக் கொடுத்தபோதே, "மறுபடி எப்பப் போறீக?" என்றுதான் கேட்டார்.