டாரட் எகிப்திலிருந்து வந்ததா? இந்தப் பேச்சில் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

சென்னையிலிருந்து, தொடக்கப் பதிவு

ஒன்பது வருடமாக டாரட் என்ற படச்சீட்டை விரித்துக் குறி பார்க்கிறேன். தொழிலாக இல்லை. நண்பர்களுக்கும், அவர்கள் அழைத்து வருபவர்களுக்கும் மட்டும். கற்றுக்கொண்டது ஒரு வார இறுதி வகுப்பில். பன்னிரண்டு பேர் பாயில் உட்கார்ந்திருந்தோம். ஆசிரியை பட்டுத்துணியைப் பிரித்து 'ஃபூல்' சீட்டை எடுத்துக் காட்டி, "எகிப்துக் கோயில் பூசாரிகள் ஒளித்துவைத்த புத்தகத்தின் முதல் பக்கம் இது" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த வரியை நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். அடுத்த மூன்று வருடம் யார் எதிரில் உட்கார்ந்தாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் சீட்டைக் கலைப்பேன்.

அப்புறம் ஒருநாள், அந்த வரி முதலில் யார் வாயில் வந்தது என்று தேடத் தொடங்கினேன். தேடல் என்னை 1781ஆம் ஆண்டு பாரிசில் கொண்டுபோய் விட்டது. அந்த்வான் கூர் த ஜெபெலான் என்ற பாதிரியார், ஆதிகால உலகத்தைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதிக்கொண்டிருந்தவர். ஒரு சீமாட்டியின் வீட்டுக்குப் போகிறார். அங்கே டாரட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். படங்களைப் பார்க்கிறார், கால் மணி நேரத்துக்குள் இது எகிப்தியருடையது என்று முடிவு கட்டிவிடுகிறார். இதை வேறு யாரும் அவர்மேல் ஏற்றிச் சொல்லவில்லை, தன் எட்டாம் தொகுதியில் அவரே எழுதியிருக்கிறார். 'டார்' என்றால் வழி, 'ரோ' என்றால் அரசன், ஆக டாரட் என்பது அரசவழி என்று விளக்கமும் கொடுத்தார். அந்த ஆண்டில் எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்கூட இல்லை. அதைப் படிக்கச் சாவியாக இருந்த ரொசெட்டாக் கல் கிடைத்தது 1799இல். ஷாம்போலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் அந்த எழுத்தை அவிழ்த்தது 1822இல்.

பெயர் விஷயம் இன்னும் மோசம். இத்தாலியில் இந்தச் சீட்டுக்கு முதலில் இருந்த பெயர் 'ட்ரியோன்ஃபி', அதாவது வெற்றி ஊர்வலங்கள். டாரட் என்பதன் இத்தாலிய வடிவமான 'தரோக்கி' என்ற சொல் ஆவணங்களில் தலைகாட்டுவது 1502 வாக்கில்தான். சீட்டு புழக்கத்துக்கு வந்து அறுபது வருடத்துக்கு மேல் கழித்து ஒட்டிக்கொண்ட பெயருக்குள் எகிப்திய ரகசியம் எப்படி இருக்கும்?

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏமாந்துவிட்டேன் என்ற கோபம். அடுத்த மாதம் பழைய மாணவர்கள் கூடிய இடத்தில், ஆசிரியை அதே வரியைச் சொன்னபோது எழுந்து நின்று "ஆதாரம் என்ன மேடம்?" என்று கேட்டேன். கேட்டதோடு விட்டிருக்கலாம். 1781, 1799, 1822 என்று வரிசையாக ஒப்பித்தேன். அவர் சீட்டை மெதுவாகத் துணிக்குள் வைத்தார். விரல் நடுங்கியது. "எங்க டீச்சர் எனக்குச் சொன்னதைத்தாம்மா நான் உங்களுக்குச் சொல்றேன்" என்றார். நான் சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. ஆனால் அந்த அறையில் யாரும் அன்றைக்கு எதையும் கற்றுக்கொள்ளவில்லை, நான் உட்பட.

பிறகு இரண்டு வருடம் நான் கறார் பேர்வழி. யாராவது 'இருக்கலாம்' என்று ஆரம்பித்தாலே ஆவணத்தைக் கேட்பேன். டாரட் பிறந்த கதையாக நான் சொன்னது இது: 1442 பிப்ரவரியில் இத்தாலியின் ஃபெராரா நகர அரண்மனைக் கணக்கில் சக்ராமோரோ என்ற ஓவியருக்கு நாலு கட்டு ட்ரியோன்ஃபி சீட்டுக்காகப் பணம் கொடுத்த பதிவு இருக்கிறது, அதுதான் முதல். அதற்கு முன்னால் எதுவும் கிடையாது என்று அடித்துச் சொல்வேன்.

அதற்கு முந்தையதும் கிடைத்துவிட்டது. ஜுஸ்தோ ஜுஸ்தி என்ற நோட்டரியின், அதாவது பத்திரம் எழுதுபவரின், நாட்குறிப்பு. 1440 செப்டம்பர் 16, வெள்ளிக்கிழமை: சிஜிஸ்மோந்தோ மலதெஸ்தா பிரபுவுக்கு ஒரு கட்டு ட்ரியோன்ஃபி சீட்டு பரிசளித்தேன், அவருடைய சின்னம் போட்டு ஃபுளோரன்ஸில் சொல்லிச் செய்தது, அழகானது, நாலரை டூகட் தங்கக் காசு ஆனது என்று எழுதி வைத்திருக்கிறார். சீட்டு வரலாற்றைத் தேடுபவர்கள் கவனத்துக்கு இது 2010களில்தான் வந்தது. ஊரும் மாறியது, ஆண்டும் மாறியது. ஆவணத்தில் முதலில் தென்படுவது வேறு, முதலில் பிறந்தது வேறு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆசிரியை எகிப்து என்று சொன்ன அதே குரலில்தான் நான் 1442 என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஊகமே கூடாது என்றால் சில நல்ல விஷயங்களும் நம்மை விட்டுப் போய்விடும். இன்று பலரும் வைத்திருக்கும் டாரட் கட்டுக்குப் படம் போட்ட பமேலா கோல்மன் ஸ்மித் 1909இல் வரைந்த 'வாள் மூன்று' சீட்டு எல்லோருக்கும் தெரியும், ஒரு இதயத்தில் மூன்று வாள் பாய்ந்திருக்கும். 1490 வாக்கில் வந்த சோலா புஸ்கா என்ற இத்தாலியக் கட்டிலும் அதே படம், அதே வாள் மூன்று. அதில் 'வாள் பத்து' சீட்டில் ஒருவன் குனிந்து வாள்களைக் கட்டாகச் சுமக்கிறான். பமேலாவின் 'கோல் பத்து' சீட்டில் அதே முதுகு, அதே வளைவு. அந்தப் பழைய சீட்டுகளின் புகைப்படங்கள் 1907இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன, பமேலாவும் லண்டனில்தான் இருந்தார். அங்கே போய்ப் பார்த்திருப்பார் என்பது ஊகம்தான். ஆனால் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் மறுக்க மனம் வராது. இப்படிப்பட்ட ஊகம் எனக்கு வேண்டும். எதன்மேல் நிற்கிறது என்று அதுவே சொல்கிறது, நாளைக்கு எதைக் காட்டினால் விழும் என்பதும் தெரிகிறது.

உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்துக்காரரும் வரலாம்.

கனடாவிலிருந்து, ஊர் யாழ்ப்பாணம்

அக்கா, நான் டாரட் பார்க்கிற ஆள் இல்லை. 304 என்ற சீட்டாட்டம் ஆடுகிற ஆள். எங்கட வீட்டில் அப்பப்பா, சித்தப்பாமார் எல்லாரும் சேர்ந்தால் விடிய விடிய ஆட்டம்தான். கேட்டவர் துரும்பை, மற்றச் சீட்டுகளை வெட்டுகிற சீட்டை, கவிழ்த்து வைத்த பிறகு யாரும் மூச்சு விடமாட்டினம்.

இங்கே என்னோடு வேலை செய்கிற பிரெஞ்சுக்காரர் ஒருவர் மதிய இடைவேளையில் ஒரு டாரட் சீட்டுக் கட்டை எடுத்து வைத்தார். எழுபத்தெட்டுச் சீட்டு. நான் பயந்துபோய், "எனக்குச் சாத்திரம் பார்க்க வேண்டாம்" என்றேன். அவருக்கு நான் சொன்னது விளங்கவே இல்லை. அவருக்கு டாரட் என்றால் ஆட்டம், தகப்பனிடம் பழகின ஆட்டம். அதற்குள் நிரந்தரமாகவே துரும்புகள் இருக்கின்றன, இலக்கம் போட்டு. அரை மணித்தியாலத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. 304 ஆடின கைக்கு அது புதிதில்லை.

வீட்டுக்கு வந்து துரும்பு என்ற சொல்லைத் தேடினேன். நீங்கள் அங்கே துருப்பு என்பீர்கள். போர்ச்சுகீசரின் த்ருன்ஃபு, ஒல்லாந்தரின் த்ரூஃப், ஆங்கிலேயரின் டிரம்ப், மூன்றுமே வெற்றி ஊர்வலத்துக்கான அதே பழைய சொல்லில் பிறந்தவை. அக்கா சொன்ன ட்ரியோன்ஃபியும் அதுதான். அப்பப்பா "துரும்பு!" என்று மேசையில் அடித்தபோதெல்லாம் ஃபுளோரன்ஸ் நோட்டரியின் சொல்லின் சொந்தக்காரச் சொல் ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறார். எகிப்தை விட இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

திருச்சியிலிருந்து

எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. சீட்டு பார்க்கும் ஒரு பெரியவர், "டாரட் நம்ம சொத்துய்யா. அர்த்தநாரீஸ்வரர் கையில கோப்பை, வாள், செங்கோல், வளையம் நாலும் இருக்கு. அதான் டாரட்டோட நாலு ஜாதி" என்றார். ஆங்கிலப் புத்தகத்தில் போட்டிருப்பதாகவும் சொன்னார். தேடினேன். உண்மைதான், சில டாரட் புத்தகங்களில் இந்தப் பேச்சு வருகிறது.

கேட்டபோது பெருமையாக இருந்ததை மறைக்க மாட்டேன். அந்த வாரமே கங்கைகொண்ட சோழபுரம் போனேன். வெளிச்சுவரில் அர்த்தநாரீஸ்வரர், பின்னால் காளை. கழுத்து வலிக்க நின்று பார்த்தேன். கோப்பை இல்லை. வாள் இல்லை. நம் சிற்ப வழக்கத்தில் அப்பன் பாதிக்கு மழுவோ சூலமோ, அம்மை பாதிக்கு நீலோற்பலம். அந்த நான்கு பொருளை எங்கோ தூரத்தில் இருந்த ஒருவர் நம் சாமி கையில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். பெருமை போய் வருத்தம்தான் வந்தது.

ஆனால் அந்தத் தப்பான வழியில் போனதால்தான் நல்ல விஷயம் ஒன்று கிடைத்தது. நாலு ஜாதியும் மம்லூக் காலத்து எகிப்துச் சீட்டிலிருந்து வந்தவை. ஆமாம், எகிப்துதான், பூசாரிகளின் எகிப்து இல்லை, சுல்தான்களின் எகிப்து. கோப்பை, காசு, வாள், போலோ மட்டை. போலோ தெரியாத ஐரோப்பாவில் மட்டை தடியாக மாறிவிட்டது. அந்தக் கட்டு ஒன்று இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் இருக்கிறது. அதில் ஒரு சீட்டில் 'கஞ்சிஃபா' என்ற சொல்லே எழுதியிருக்கிறது. நம் நாட்டு வட்டச் சீட்டுக்கும் கஞ்சிஃபா என்றுதான் பெயர். பாபர் 1527இல் சிந்து மன்னருக்குக் கஞ்சிஃபா அனுப்பியதாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். பிறகு அது இங்கே தசாவதாரக் கஞ்சிஃபாவாக வளர்ந்து, பத்து ஜாதி, 120 சீட்டு ஆனது. ஆக, நம் சீட்டுக்கும் டாரட்டுக்கும் உறவு இல்லாமல் இல்லை. தாய் மகள் உறவு இல்லை, தூரத்துப் பங்காளி உறவு.

பெரியவரிடம் போய் இதைச் சொன்னேன். முதலில் முகம் சுருங்கியது. "அய்யா, நீங்க சொன்னதால்தான் போய்ப் பார்த்தேன்" என்று ஆரம்பித்ததால் கடைசிவரை கேட்டார். சென்னை மேடத்துக்கும் அந்த ஒரு வார்த்தை அன்றைக்கு இருந்திருந்தால் போதும் என்று தோன்றுகிறது.

மிலானிலிருந்து

இங்கே வேலைக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. பெர்காமோ ரயிலில் ஒரு மணி நேரம்தான். அங்கே அக்காதெமியா கர்ராரா என்ற கலைக்கூடத்தில், பதினைந்தாம் நூற்றாண்டில் மிலான் பிரபு குடும்பத்துக்காக வரைந்த விஸ்கோந்தி ஸ்ஃபோர்சா டாரட் சீட்டுகள் 26 இருக்கின்றன. 35 நியூயார்க் மார்கன் நூலகத்தில், 13 ஒரு குடும்பத்தாரிடம். முழுக் கட்டின் 78இல் மொத்தம் 74 தான் மிச்சம். சாத்தான், கோபுரம், வாள் மூன்று, காசுக் குதிரைவீரன், இந்த நாலும் இல்லை.

நான் முதன்முதலில் போனபோது கூட வந்த நண்பர், "சாத்தானையும் கோபுரத்தையும் பயந்து யாரோ எரித்துவிட்டார்கள்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாள் மூன்றையும் காசுக் குதிரைவீரனையும் கண்டு யார் பயந்தார்கள்? இத்தனை கை மாறியதில் நாலு சீட்டு தொலைவது பெரிய அதிசயம் இல்லை. இதைச் சொன்னதும் அவரே சிரித்து விட்டுவிட்டார்.

நான் எழுத வந்தது அது இல்லை. சீட்டு நம் உள்ளங்கையை விட நீளம், பதினேழு சென்டிமீட்டர் இருக்கும். பின்புலம் முழுக்கத் தங்கத் தாள், அதில் புள்ளி புள்ளியாகக் குத்திக் கோலம் போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் தலையைச் சாய்த்தால் வெளிச்சம் அந்தப் புள்ளிகளில் ஓடுகிறது. அப்புறம் மேல் விளிம்பைப் பார்த்தேன். நடுவில் சின்ன ஓட்டை. ஆணியோ குண்டூசியோ இறங்கிய தடம். அடுத்த சீட்டிலும் அதே இடத்தில்.

பிரபு வீட்டுத் தங்கச் சீட்டை யாரோ சுவரில் மாட்டியிருக்கிறார்கள். எந்தக் கணக்குப் புத்தகமும் அதைச் சொல்லவில்லை. ஆனால் ஓட்டை கண்ணெதிரே இருக்கிறது. இதை ஆதாரம் என்பீர்களா, ஊகம் என்பீர்களா? கண்ணாடிக்கு முன்னால் இருபது நிமிடம் இதே யோசனையில் நின்றேன்.

சென்னையிலிருந்து, மறுபடியும்

மிலான் தம்பிக்கு: ஓட்டை ஆதாரம். மாட்டினார்கள் என்பது ஏறக்குறைய ஆதாரம். யார், எப்போது, ஏன் என்று கேட்கும்போதுதான் ஊகம் தொடங்குகிறது. எனக்கு இப்போதைக்கு இந்தப் பிரிவு போதும்.

திருச்சி அய்யா எழுதியதைப் படித்ததும் ஆசிரியைக்கு போன் போட்டேன். ஆறு வருடம் கழித்து. அன்றைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று முதலில் சொன்னேன். "விடும்மா, நீ சொன்னது அப்புறம் நானும் படிச்சேன்" என்றார். இப்போது வகுப்பில் எகிப்துக் கதையை 1781இல் பிறந்த கதை என்று சொல்லித்தான் சொல்கிறாராம், விட மனம் வரவில்லை என்றார். விட வேண்டாம் என்றுதான் நானும் சொன்னேன். அந்தக் கதையால்தான் சீட்டு சூதாட்ட மேசையை விட்டு எங்கள் பாய்க்கு வந்தது, அதுவும் வரலாறுதானே.

பெர்காமோ ஓட்டையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஆட்டம் வழக்கொழிஞ்ச பிறகு வீட்டுப் பிள்ளைங்க மாட்டியிருப்பாங்களோ?" என்றார். இல்லை, அழகுக்காகப் பெரியவர்களே மாட்டியிருப்பார்கள் என்றேன் நான். "அழகுக்குன்னா சட்டம் போட்டிருக்க மாட்டாங்களா? தங்கத்துல யாராவது ஆணி அடிப்பாங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, ஓட்டை படத்தின் மேல் விழுகிறதா ஓரத்தில் விழுகிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். தம்பி, அடுத்த முறை போகும்போது அதை மட்டும் பார்த்து எழுது.